பெரிய வியாழனுக்காக ஊறவைத்த கால்

என் வலது காலில் இப்போது நான்கு விரல்கள். கட்டைவிரலுக்கு அடுத்து இருந்தவரைக் காணோம். ஐம்பத்து மூன்று வருடம் என்னோடு நடந்தவர், ஒரு நன்றிகூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

இதைப் பற்றிக் கோயிலில் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். நான் மைக்கைப் பிடித்தாலே எங்கள் கிள்ளான் ஊர்ச் சனம் சிரிக்கத் தயாராகிவிடும். அழ வேண்டிய இடத்திலும் சிரித்துவைப்பார்கள். தப்பு அவர்களுடையது அல்ல, இருபது வருடமாக நான்தான் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறேன். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர்கள் யாராவது படித்தால், இந்தப் பக்கத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, முதலில் குனிந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை எங்களுக்குப் பெரிய வியாழன். இயேசு சீடர்களின் காலைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து ஃபாதர் பங்கு மக்களில் பன்னிரண்டு பேரை முன்வரிசையில் உட்காரவைத்து, மண்டியிட்டு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். இதில் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, சிலர் பவுடரும் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஃபாதர் கழுவுவதற்கு அழுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. இந்த வருடப் பட்டியலில் என் பெயர் இருந்தது.

நான் வட துறைமுகத்தில் கொண்டெய்னர் கணக்கெடுக்கும் ஆள். என் குதிகால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெடிப்புக்குள் ஐம்பது காசு நாணயத்தைச் செருகலாம். ஃபாதர் படித்த மனிதர், சின்ன வயசு. அவர் கையில் இதைக் கொடுப்பதா? ஆகவே ஒன்பது நாள் நவநாள் போல ஒன்பது நாள் கால் ஊறவைப்பது என்று முடிவு செய்தேன். என் மனைவி ரீத்தாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் வீடு திரும்புவதற்குள் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பேசினில் ஊற்றி, உப்புப் போட்டு, காலை விட்டுக்கொண்டு பந்து விளையாட்டுப் பார்ப்பேன். தண்ணீர் சூடே இல்லை என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் கெட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்வேன்.

சூடு இல்லாமல் இல்லை. என் காலுக்குத்தான் தெரியவில்லை. பல வருடம் சர்க்கரை ஏறிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும், சுட்டாலும் குத்தினாலும் மூளைக்குச் சேதி போகாது என்று டாக்டர் பிறகு விளக்கினார். ஐந்தாம் நாள் விரலில் கொப்புளம் வந்தது. ஊக்கால் குத்தி உடைத்தேன். வலிக்கவில்லை. வலிக்காததற்காக நன்றி ஜெபம்கூடச் சொன்னேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பெரிய வியாழனன்று தோல் நிறத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஃபாதர் தண்ணீர் ஊற்றினார், பிளாஸ்டர் நழுவி பேசினில் மிதந்தது. ஃபாதர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். பார்த்தது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூசை அண்ணன் மட்டும்தான்.

சூசை அண்ணன் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். எங்களைப் போலவே பண்டமாரான் வாசி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் ஜாகா வேலை, அதாவது காவல்காரர். மனைவி லூர்து அக்கா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மனிதர் அதிகம் பேசமாட்டார். பாடற்குழுவில் மட்டும் வாய் திறப்பார், அது திறக்காமலே இருந்திருக்கலாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என் நகைச்சுவைத் தொழிலுக்கு அவர்தான் மூலதனம். நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பூசை முடிந்து வெளியே வரும்போது என் முழங்கையைப் பிடித்து, "ஞானம், அந்த விரல் கறுத்திருக்கு. நாளைக்கே கிளினிக் போ" என்றார்.

"அண்ணே, எங்க பரம்பரையே கறுப்புதான்" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு மணியடித்திருக்க வேண்டும். ஆனால் ஈஸ்டர் சாப்பாட்டை விட்டுவிட்டு யார் கிளினிக்கில் போய் உட்காருவது? செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் பல் தந்தியடித்தது. ரீத்தா என் காலுறையைக் கழற்றினாள். அறை முழுக்க நாற்றம். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் கார் சாவியை எடுத்தாள். ரீத்தா பேசினால் பிழைத்துக்கொள்வேன். பேசாவிட்டால்தான் எனக்குப் பயம்.

அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நம்பர் எடுத்துக் காத்திருந்தோம். சுவரில் தொலைக்காட்சி, அதில் சமையல் நிகழ்ச்சி. எதிரில் கைகட்டோடு ஒரு பாக்சிக், அதாவது மலாய்ப் பெரியவர், பக்கத்தில் வாந்திப் பையோடு ஒரு சீனப் பாட்டி. இவர்களுக்கெல்லாம் நிஜமான நோய், நமக்கு வெறும் விரல், தொந்தரவு கொடுக்கிறோமோ என்று எழுந்து போகப் பார்த்தேன். ரீத்தா என் சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்து உட்காரவைத்தாள்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். மகள் வயது. முதலில் ஒரு சோதனை. மீன் பிடிக்கும் தங்கூஸ் போல மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவார், நான் கண்ணை மூடிக்கொண்டு தொடுவது தெரியும்போது 'யெஸ்' சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே பரீட்சை என்றால் காப்பியடித்தாவது பாஸாகிவிடுகிற ஆள் நான். ஒரு தாளம் பிடித்துக்கொண்டு யெஸ், யெஸ், யெஸ் என்று சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலை."

பிறகு பேனா போன்ற ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்தார். ரத்தம் ஓடுகிற சத்தத்தை அது பெரிதாக்கிக் காட்டும். கடற்கரையில் அலை வந்து போவது போல வூஷ், வூஷ் என்று கேட்டது. ஓட்டம் நன்றாக இருக்கிறது, நல்ல சேதி என்றார். கெட்ட சேதி எக்ஸ்ரேயில் இருந்தது. கிருமி விரல் எலும்புக்குள் இறங்கிவிட்டது. விரலை எடுக்க வேண்டும், இன்றைக்கே. தாமதித்தால் கிருமி மேலே ஏறும், அப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும். சொல்லிவிட்டு, பாதத்தில் சிவந்திருந்த இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்களாம். சம்மதப் பாரத்தை என் கையில் கொடுத்தார்.

இங்கேதான் என் விசுவாசத்தின் லட்சணம் தெரியவந்தது. ஜெபக்கூட்டத்தில் கர்த்தருக்காக உயிரையே கொடுப்பேன் என்று கையை உயர்த்திய மனிதன், ஒரு விரலுக்குப் பேரம் பேசினேன். நகத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். மருந்தை இரண்டு மடங்கு கொடுக்க முடியுமா என்றேன். எதற்கும் அவர் அசையவில்லை. உடனே பக்தி பொங்கியது. சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேற ஒரு பாரம் உண்டு. அதைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று நாள் உபவாச ஜெபம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மலாயில் விளக்கினேன். உபவாசம் என்ற வார்த்தையை என் வாயிலிருந்து கேட்டதும் ரீத்தா வெளியே எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சூசை அண்ணனுக்குப் போன் பண்ணப் போயிருக்கிறாள்.

வேலைச் சட்டையோடே வந்தார். திரையை விலக்கி என் காலைத்தான் முதலில் பார்த்தார். கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை சிவந்திருந்தது. நான் அவரை முந்திக்கொண்டு, ஜெபிக்காமல் எப்படி அண்ணே வெட்டக் கொடுப்பது என்று ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லூர்துக்கும் இப்படித்தான் கோடு போட்டாங்க" என்றார். "கட்டைவிரல்தான் கேட்டாங்க. ரெண்டு வாரம் ஜெபம் பண்ணிட்டு வர்றோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். அவ வரலைன்னுதான் சொன்னா. நான்தான் கூட்டிட்டுப் போனேன், ஞானம்."

அவ்வளவுதான். லூர்து அக்கா இறந்தபோது அவருடைய ஒரு கால் முழங்கால் வரை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடக்கத்துக்கு வந்தேன், சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனித்தேன், பந்தியில் நாலு பேரைச் சிரிக்கவைத்தேன்.

பேனா வேண்டும் என்றேன். அவரே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த அறுவைச் சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், ஆள் விழித்திருப்பார். நான் விழித்திருந்து மாதா பாட்டு எல்லாவற்றையும் வரிசையாகப் பாடினேன். நாலாவது பாட்டில் மயக்க டாக்டர் குனிந்து, அங்கிள், சர்ஜனுக்குக் கவனம் சிதறுகிறது என்றார். மனதுக்குள் பாடினேன்.

வார்டில் ஒன்பது நாள். என் இடப்பக்கம் ஒரு பாக்சிக், வலப்பக்கம் ஒரு சீனப் பெரியவர், மூவருக்கும் சேர்த்து ஐந்து பாதம். ரீத்தா வேலை முடிந்து தினமும் வருவாள். எனக்கு அனுமதித்திருந்த இரண்டு பிஸ்கட்டையும் ஒவ்வொன்றாகப் பாதியாக உடைத்துத் தருவாள், நான்கு தடவை சாப்பிட்ட மாதிரி இருக்குமாம். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், புண்ணைத் திறந்து கட்டுப் போடும்போது நான் கூரையைப் பார்ப்பேன். மின்விசிறியில் எத்தனை திருகாணி என்று இன்றும் சொல்வேன். புண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது காயம் தையல் போடாமல் திறந்தேதான் இருந்தது. உள்ளிருந்து சதை வளர்ந்து தானாக மூட வேண்டும், அதற்கு மாதங்கள்கூட ஆகலாம், தினமும் கிளினிக்குக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். காலை ஊன்றக்கூடாது, இனிப்புத் தொடக்கூடாது. நான் கார் ஓட்ட முடியாது. ரீத்தாவின் லீவு எல்லாம் தீர்ந்திருந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் கடிதம்கூட எழுதிவிட்டாள். சூசை அண்ணன்தான் அதை அனுப்பவிடவில்லை. "எனக்குப் பகல்ல ஒரு வேலையும் இல்லைம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஜாகாவுக்குப் பகலில் எப்படி வேலை இல்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓசியில் கார் வருகிறது, காரண காரியம் எதற்கு?

தினமும் ஒன்பதுக்குள் வந்துவிடுவார். என்னைக் கைத்தாங்கலாக ஏற்றி, கிளினிக்கில் இறக்கி, நம்பர் எடுத்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். சாதாரணத் தூக்கம் இல்லை, வாய் பிளந்து, தலை பின்சுவரில் சாய்ந்து. என் முறை வந்தால் நான்தான் அவரை எழுப்ப வேண்டும். இதற்குள் அவர் பாடற்குழுவிலிருந்தும் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என் காலுக்குக் கிடைக்காத சுகம் பங்குமக்கள் காதுக்குக் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்குக்கு எதிரே ஒரு தே தாரிக் கடை, அதாவது டீக்கடை, இருக்கிறது. அண்ணன் தூங்கியதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, இனிப்புக் கெட்டிப் பாலில் அடித்த ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, அவர் விழிப்பதற்குள் திரும்பிவிடுவேன். ரோடு தாண்டும்போது ஊன்றுகோல் பெயருக்குத்தான், கால் தரையில்தான். வலிக்காத கால் அல்லவா.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர் காயத்தைப் பார்த்தார். மூடவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. சாப்பாட்டில் ஏதாவது தவறு உண்டா என்று கேட்டார். பச்சைத் தண்ணீர்தான் டாக்டர் என்றேன். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், இப்படியே இருந்தால் நாம் வேறு பேச வேண்டியிருக்கும் என்று சொல்லி, உள்ளங்கை ஓரத்தை என் கெண்டைக்காலின் நடுவில் வைத்துக் காட்டினார். அந்தக் கை பட்டது எனக்குத் தெரிந்தது. அங்கே நரம்பு இன்னும் உயிரோடு இருந்தது.

பயம் வந்தால் எனக்கு இனிப்பு வேண்டும். மறுநாள் இரண்டு தே தாரிக் குடித்தேன். திரும்பி வந்தபோது அண்ணன் வழக்கம் போலத் தூங்கிக்கொண்டிருந்தார். என் நடுக்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி யாரையாவது சிரிக்கவைப்பதுதான். அவரைப் படமெடுத்து, 'சூசையப்பர் கனவில் வானதூதரைக் காண்கிறார்' என்று எழுதி ஜெபக்குழு வாட்சப்பில் போட்டேன். சிரிப்பு முகங்கள் வரிசை வரிசையாக வந்தன. ரீத்தாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் என் முன்னால் நின்றாள். "சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார். அவர் ராத்திரி ஷிப்டுக்கு மாத்திக்கிட்டாருங்க. நீங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து. விடிய விடிய கேட்ல நின்னுட்டு, ஏழு மணிக்கு முடிச்சி, பிரிக்பீல்ட்ஸ்லேருந்து கொமூட்டர் ரயில் பிடிச்சி, ஸ்டேஷன்ல விட்ட காரை எடுத்துக்கிட்டு நேரா இங்க வர்றார். அதனாலதான் பாட்டுக்கும் போக முடியலை. அவருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்." என் போனை எடுத்து நீட்டி, "அந்தப் படத்தை அழிங்க" என்றாள்.

அழித்தேன். அழித்த பிறகும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர் பெஞ்சில் தூங்கிய அந்தப் பத்து நிமிடத்தில்தான், எனக்காக அவர் கண்விழித்த ராத்திரியையெல்லாம் நான் ரோட்டைத் தாண்டிப் போய்க் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் காரை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். தே தாரிக், ரோடு, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம். பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "தெரியும். மீசைல நுரை இருக்கும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏண்ணே ஒண்ணும் சொல்லலை?"

"சொன்னா நீ ஏதாச்சும் ஜோக் அடிப்பே. நாலு பேர் சிரிப்பாங்க. எனக்குத் திருப்பிப் பேச வராதுப்பா." கார் சாவியைத் திருப்பினார். "லூர்து விஷயத்துல ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். உன்னைக் கூட்டிட்டு வர்றது என் வேலை. குடிக்கிறதும் விடுறதும் உன் வேலை லா."

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் வழக்கம் போலத் தூங்கிவிட்டார்.

என் முறை வந்தது. அவரை எழுப்பாமல் நானே உள்ளே போனேன். மிஸ்ஸி கட்டை அவிழ்த்தார். கூரையைப் பார்க்கும் இடத்தில் நான் குனிந்து காலைப் பார்த்தேன். விரல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம், உள்ளே மாட்டிறைச்சி நிறம், ஓரத்தில் வெள்ளையாக ஊறிய தோல். தலை சுற்றியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், வீட்டில் நானே கட்டுகிறேன் என்றேன். மிஸ்ஸி என்னை மேலும் கீழும் பார்த்தார். நேற்று வரை காலைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொன்ன அங்கிள்தானே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் சொல்லிக்கொடுத்தார். கையை இரண்டு தடவை கழுவு. உப்புத் தண்ணீரால் உள்ளிருந்து வெளியே துடை. பள்ளத்தை மருந்துத் துணியால் நிரப்பு, அழுத்தாதே. நான்கு நாள் அவர் பார்க்க நான் செய்தேன். முதல் நாள் வியர்வை சொட்டி மருந்துத் துணி நனைந்து, புதிதாக ஒன்று எடுக்கவேண்டியதாயிற்று. ஐந்தாம் நாள், இனி வாரம் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்.

அதை அண்ணனிடம் காட்டி, நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம், வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் வேலைக்குப் போகுமுன் வந்து, நான் கட்டியதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு மடிப்பை மட்டும் நிமிர்த்திவிட்டுப் போனார். பகல் ஷிப்டுக்குத் திரும்ப மனுக் கொடுத்திருந்தார், மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். தே தாரிக் கடைப் பக்கம் நான் போகவில்லை. அதை வீரம் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். வீட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு காலையும் அந்தப் பள்ளத்தை நேருக்கு நேர் பார்த்த பிறகு இனிப்பு இறங்கவில்லை.

இரண்டு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் தனியாகப் போனேன். டாக்டர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். பள்ளம் பாதியாகச் சுருங்கி, ஓரத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. கட்டுப் போடுவது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தக் கால் உங்களுடையதுதான், அங்கிள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்."

வெளியே வந்து போனை எடுத்தேன். ரீத்தாவுக்கு ஒரு மணிக்குத்தான் இடைவேளை, அதுவரை போன் தொழிற்சாலை லாக்கரில் பூட்டிக் கிடக்கும். சூசை அண்ணன் பெயரை அழுத்தினேன். முதல் ரிங் அடிப்பதற்குள் பதறி வெட்டிவிட்டேன். அப்போதுதான் வீடு போய்ச் சேர்ந்து, படுத்துக் கண் அசந்திருப்பார்.

யார் வீட்டு விஷயமானாலும் ஐந்து நிமிடம் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் இது. வாழ்க்கையில் கேட்ட மிக நல்ல சேதியை வைத்துக்கொண்டு, மருந்து வாங்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எங்கே வலி என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. அண்ணன் ஒரு மணிக்கு எழுவார். போனைப் பையில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.